மாவுச்சத்து குறைவாக, மாட்டுக் கொத்துக்கறியை வீட்டில் எளிதாகச் செய்வது எப்படி?

பேலியோவில் (மாவுச்சத்தைக் குறைத்து, கறி, முட்டை, காய்கறி சாப்பிடும் உணவுமுறை) இருப்பதாகவும், கறியைச் சட்டியில் போட்டதுமே தண்ணீர் விட்டு வெளுத்து வேகிறது என்றும் கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் கொத்திய பிறகு கழுவியிருப்பீர்கள். கொத்துக்கறி குடிக்கும் தண்ணீர், எவ்வளவு பிழிந்தாலும் முழுதாக வராது. துண்டாக வாங்கி, கழுவி, துணியால் ஒற்றி, அரைமணி நேரம் ஃபிரீசரில் வைத்து, மிக்சியை விட்டு விட்டு ஓட்டிக் கொத்திக்கொள்ளுங்கள். கடையில் கொத்தி வாங்கினால் கழுவாமலே சமைக்கலாம். அசுத்தம் என்று சண்டைக்கு வருபவர்களுக்கு: கிருமியைக் கொல்வது சூடுதான். கொத்துக்கறி முழுதும் 71 டிகிரி செல்சியஸ் சூடேறினால் போதும்.

அரை கிலோவில் 100 கிராம் கொழுப்பு இருக்கட்டும். எருமைக்கறியில் கொழுப்பு குறைவு. கேட்டு வாங்கிச் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் மரத்தூள் மாதிரி வறண்டுவிடும்.

அகலமான இரும்புச் சட்டியை நன்றாகக் காயவிட்டு, ஒரு ஸ்பூன் எண்ணெய் ஊற்றி, பாதிக் கறியை மட்டும் பரப்பி அழுத்துங்கள். மூன்று நான்கு நிமிடம் கரண்டியே போடக் கூடாது. அடி சிவந்த பிறகுதான் உடைத்துக் கிளற வேண்டும். மொத்தமாகக் கொட்டினால் சட்டி ஆறிவிடும்; தண்ணீர் தேங்கியிருக்கும் வரை சூடு 100 டிகிரியைத் தாண்டாது, கறி சிவக்காது. உப்பும் தண்ணீரை இழுக்கும், அதனால் சிவந்த பிறகே போடுங்கள். மீதிக் கறியையும் இப்படியே வறுத்துத் தனியே எடுத்துவிடுங்கள்.

சட்டியில் தங்கிய கொழுப்பிலேயே அரை ஸ்பூன் சோம்பு, இரண்டு கிராம்பு, சிறிய அளவில் ஒரு பெரிய வெங்காயம், இரண்டு பச்சை மிளகாய், கறிவேப்பிலை, ஒரு மேசைக்கரண்டி இஞ்சி பூண்டு விழுது. பச்சை வாசனை போனதும் மஞ்சள்தூள், ஒரு ஸ்பூன் மிளகாய்த்தூள், இரண்டு ஸ்பூன் மல்லித்தூள், ஒரு ஸ்பூன் உப்பு. தூள் கருகாமல் கொஞ்சம் தண்ணீர் தெளித்து, கறியைச் சேர்த்து மூடி, சிறுதீயில் பத்து நிமிடம். எருமைக்கறிக்கு இருபது ஆகும். கடைசியில் பொடியாக நறுக்கிய முட்டைக்கோஸ் 250 கிராம். மூடாமல், பெருந்தீயில் நான்கு நிமிடம். மிளகுத்தூள் தூவி இறக்கி எலுமிச்சை பிழியுங்கள். மூன்று பேர் சாப்பிட்டால் ஆளுக்கு, நார்ச்சத்து போக, சுமார் 7 கிராம் மாவுச்சத்துதான். வழக்கமாகப் போடும் உருளைக்கிழங்கு நூறு கிராமுக்கே, அதே கணக்கில், சுமார் 15 கிராம் வரும், பச்சைப் பட்டாணி 9. இரண்டும் வேண்டாம். வெங்காயமே கூடாது என்பவர்கள் உண்டு. இந்த ஒரு வெங்காயத்தால் எதுவும் கெடாது. சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மட்டும், மாவுச்சத்தைக் குறைக்கும் முன் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். தமிழ்ச் சமையல் குறிப்புகளில் கொத்துக்கறி என்றாலே ஆட்டுக்கறிதான். இத்தனை வீடுகளில் மாட்டுக்கறி வேகிறது, அதற்கான பக்குவத்தை எழுதுவோர் மிகக் குறைவு. ஆட்டுக்கறிக் கணக்கில் நேரம் வைத்துவிட்டு, மாட்டுக்கறி ரப்பர் போல இருக்கிறது என்று குறை சொல்வது எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

மறுநாளுக்கும் வேண்டுமென்றால் கோஸ் சேர்க்கும் முன்பே பாதியை எடுத்து, ஆறியதும் ஃபிரிட்ஜில் வையுங்கள். சூடாக்கும்போது புதிதாகக் கோஸ் போட்டுக்கொள்ளலாம். பழைய கோஸ் தண்ணீர் விட்டுக் கறியைத் தொளதொளவென்று ஆக்கிவிடும்.