போனில் சார்ஜ் நிற்கவில்லை, புதிது வாங்கவா?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத் தோட்டத்தில் இருக்கிறேன், மூன்று வருடப் போன் மதியத்துக்குள் அணைந்துவிடுகிறது என்கிறீர்கள். அவசரப்படாதீர்கள். பாதுகாப்பு அப்டேட் இன்னும் வருகிறதா என்று செட்டிங்ஸில் பாருங்கள். வந்தால் பட்டணத்துக் கடையில் பேட்டரியை மட்டும் மாற்றிப் பாருங்கள், புதுப் போன் விலையில் பெரும்பகுதி மிச்சம். அப்டேட் நின்றுவிட்டது, பேங்க் கணக்கும் அதே போனில்தான் என்றால் புதிது வாங்குவதே சரி.

சார்ஜ் விஷயத்தில் இப்போதைய போன்களில் இருக்கும் லித்தியம் அயான் பேட்டரிக்குப் பெரிய எதிரி சூடுதான், அதனால் தலையணைக்கு அடியில் வைத்தோ வெயிலில் நிற்கும் காருக்குள்ளோ சார்ஜ் போடவே போடாதீர்கள். 20க்கும் 80 விழுக்காட்டுக்கும் இடையில் வைத்திருந்தால் கூடுதல் நாள் உழைக்கும். முழுசாகக் காலியாக்கிவிட்டு ஏற்றுவது பழைய நிக்கல் பேட்டரிக் காலத்துப் பழக்கம். அப்புறம், பசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் கிடைக்கும் பெயரில்லாத சார்ஜர் வேண்டாம், மலேசியத் தரச் சான்றான சிரிம் முத்திரை இருக்கிறதா பார்த்து வாங்குங்கள்.