அம்மாவுக்கு ஆக்சிஜன் 88 காட்டுதுன்னு கேட்டவருக்கு

சகோ, ராத்திரி ஏசி ரூம்ல அம்மா விரல்ல ஆக்சிமீட்டர் (ரத்தத்துல ஆக்சிஜன் எத்தன சதவீதம்னு காட்டுற மெஷின்) மாட்டினா 88, அடுத்த நிமிஷமே 95ன்னு மாறி மாறி வருதுன்னு எழுதியிருந்தீங்க. மொதல்ல கை சில்லுன்னு இருக்கான்னு பாருங்க. அந்த மெஷின் செவப்பு வெளிச்சமும் இன்ஃப்ராரெட்டும் விரல் வழியா விட்டு, ஒவ்வொரு துடிப்புக்கும் ரத்தம் எத எவ்ளோ உறிஞ்சுதுன்னு வச்சுத்தான் கணக்கு போடுது, விரல்ல ரத்த ஓட்டம் கம்மின்னா அதுக்குத் துடிப்பே சரியா கெடைக்காது. டார்க் நெயில் பாலிஷ் இருந்தா எடுத்துடுங்க. கைய தேச்சு சூடாக்கி, 5 நிமிஷம் உக்கார வச்சு, நம்பர் ஒரே எடத்துல நிக்கிற வரைக்கும் ஆடாம பாருங்க. அதுல வர்ற பல்ஸும் நீங்க மணிக்கட்டுல தொட்டு எண்ணுறதும் ஒத்து வரலன்னா அந்த ரீடிங்க நம்பாதீங்க.

இப்படி பாத்தும் 92க்குக் கீழ இருந்தா காலைல பாத்துக்கலாம்னு விடாதீங்க, உடனே கூட்டிட்டுப் போங்க. நிமோனியா, நுரையீரல்ல ரத்தக்கட்டி, ஹார்ட் ஃபெயிலியர்னு எதுவா வேணா இருக்கலாம். அங்க மணிக்கட்டுத் தமனில ரத்தம் எடுத்து ஏபிஜின்னு ரத்தத்துல இருக்குற வாயுக்களோட அளவ பாக்குற டெஸ்ட் பண்ணுவாங்க, கொஞ்சம் வலிக்கும், ஆனா கார்பன் டை ஆக்சைடு எவ்ளோன்னு அதுலதான் சரியா தெரியும். எங்கப்பாவுக்கு பீடியால வந்த சிஓபிடி (மூச்சுக்குழாய் அடைக்கிற நாள்பட்ட நுரையீரல் நோய்), அவருக்கு 88லேர்ந்து 92 போதும்னு டாக்டரே சொல்லிட்டாரு, அதனால அம்மாவுக்குப் பழைய நெஞ்சு வியாதி இருந்தா கண்டிப்பா சொல்லுங்க. உதடு நீலமானாலோ பேச்சு கொழறினாலோ மூச்சு ரொம்ப வாங்கினாலோ நம்பரே பாக்க வேணாம், 108க்கு அடிங்க.