பழைய பொருள் கடைகளில் கிடைக்கும் ரெட்ரோ வீடியோ கேம் கார்ட்ரிட்ஜ்களில், அதாவது மெஷினில் செருகி ஆடும் பழைய கேம் பெட்டிகளில், வாங்கத் தகுந்தது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கேள்வி கேட்டவர் கூடவே ஒரு வரி சேர்த்திருக்கிறார்: ‘அரிய கேம்களின் பட்டியல் இருந்தால் தாருங்கள், மனப்பாடம் செய்துகொண்டு போகிறேன்.’

பட்டியல் எங்கும் கிடைக்கும். ஆனால் அதை வைத்துக்கொண்டு எத்தனை வருடம் கடை கடையாக ஏறி இறங்கினாலும் வெறுங்கையோடுதான் திரும்புவீர்கள். எந்தப் பட்டியலை எடுத்தாலும் உச்சியில் 1990 நிண்டெண்டோ வேர்ல்டு சாம்பியன்ஷிப்ஸ் போட்டியின் கார்ட்ரிட்ஜ் இருக்கும். சாம்பல் நிறத்தில் 90, தங்க நிறத்தில் 26. உலகத்துக்கே அவ்வளவுதான். அடுத்து ஸ்டேடியம் ஈவென்ட்ஸ் வரும். 1987இல் கடைக்கு வந்து, சீக்கிரமே திரும்பப் பெறப்பட்டு, அடுத்த வருடம் வேறு பெயரில் வெளியான கேம் அது. இவற்றைத் தேடிப் போகிறவருக்கு, கண்ணுக்கு முன்னால் பெட்டியில் கிடக்கிற நல்ல கார்ட்ரிட்ஜ் தெரியவே தெரியாது.

நான் பல வருடமாகத் தேடி வாங்குகிறவன், வாங்கியதை எல்லாம் விளையாடுகிறவன். என் அனுபவத்தில் உதவுவது ஒன்றுதான்: கார்ட்ரிட்ஜைக் கையில் எடுத்துப் படிக்கப் பழகுவது. லேபிளில் இருக்கும் பெயரை யார் வேண்டுமானாலும் அச்சடித்து ஒட்டலாம். பிளாஸ்டிக், ஸ்க்ரூ, பின்கள், உள்ளே இருக்கும் போர்டு, இவற்றைப் பார்த்தால் அந்தக் கார்ட்ரிட்ஜின் முழுக் கதையும் தெரிந்துவிடும்.

என் பாக்கெட்டில் எப்போதும் மூன்று பொருள்கள் இருக்கும். ஒரு சின்ன டார்ச், 3.8 மில்லிமீட்டர் கேம்பிட் ஸ்க்ரூடிரைவர், மூன்று இதழ் முனை கொண்ட ட்ரை-விங் ஸ்க்ரூடிரைவர். கேம்பாய், என்இஎஸ், சூப்பர் நிண்டெண்டோ, நிண்டெண்டோ 64 கார்ட்ரிட்ஜ்களைத் திறக்க முதலாவது. கேம்பாய் அட்வான்ஸுக்கு இரண்டாவது. எல்லாமே நிண்டெண்டோ நிறுவனத்தின் பழைய கேம் மெஷின்கள், அதாவது கன்சோல்கள்; கேம்பாய் வகை கையில் வைத்து ஆடுவது, மற்றவை டிவியில் இணைத்து ஆடுவது. பல நேரம் திறக்கவே தேவைப்படாது, டார்ச்சே போதும்.

ஒரு முறை ஒரு கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் போகிமான் எமரால்டு இருந்தது. 2004இல் ஜப்பானிலும் 2005இல் மற்ற நாடுகளிலும் வந்த கேம்பாய் அட்வான்ஸ் கேம், போகிமான் என்ற கற்பனை உயிரினங்களைப் பிடித்து வளர்த்துச் சண்டையிட வைப்பது. டூப்ளிகேட் செய்வதற்கென்றே பிறந்தது போல, அதற்கு அவ்வளவு போலிகள் உண்டு. கடை நடத்தும் அம்மாவிடம், “அம்மா, இதைக் கொஞ்சம் வெளியில் எடுத்துப் பார்க்கலாமா?” என்று கேட்டேன். “தாராளமா பாருப்பா, யாரும் பார்க்காம வாங்கச் சொல்லல” என்று எடுத்துக் கொடுத்தார்.

முதலில் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தேன். அசல் எமரால்டின் பச்சை பிளாஸ்டிக் ஒளி ஊடுருவும் வகை. இதுவும் அப்படித்தான் இருந்தது, ஆனால் போலி செய்கிறவர்களும் இதைச் சரியாகவே செய்கிறார்கள். அப்புறம் லேபிளைச் சாய்த்துப் பார்த்தேன். தொழிற்சாலையில் ஒட்டிய லேபிளில் பெரும்பாலும் ஓர் இரண்டு இலக்க எண் அழுத்திப் பதிந்திருக்கும், சில சமயம் கூடவே ஓர் எழுத்தும். மையால் அச்சிட்டது அல்ல, காகிதத்தில் பள்ளமாக விழுந்த தடம். நேராகப் பார்த்தால் தெரியாது. பக்கவாட்டில் வெளிச்சம் பட்டால்தான் தெரியும். இதில் எவ்வளவு திருப்பினாலும் தடமே இல்லை. அடுத்து கேம் குறியீடு. அமெரிக்கப் பதிப்பு எமரால்டில் ஏஜிபி-பிபிஇஇ-யுஎஸ்ஏ (AGB-BPEE-USA) என்று இருக்க வேண்டும். இதில் நடுவில் வேறு எழுத்துகள் இருந்தன. கடைசியாக, கார்ட்ரிட்ஜைத் தலைகீழாகப் பிடித்து, பின்கள் இருக்கும் வாய்க்குள் டார்ச் அடித்தேன். அசல் போர்டில் பின்களுக்குச் சற்று மேலே நிண்டெண்டோ என்ற பெயர் அச்சாகியிருக்கும். இங்கே வெறும் பச்சைப் பலகை. பின்பக்க ஸ்க்ரூவும் சாதாரண பிளஸ் வடிவம்.

அந்த அம்மாவிடம் ஒவ்வொன்றாகக் காட்டினேன். பக்கத்தில் இருந்த ஓர் அசல் கேமை எடுத்து, அதில் இருந்த அழுத்தத் தடத்தையும் காட்டினேன். பெட்டியில் இருந்த மற்றவற்றையும் சேர்ந்தே பார்த்தோம், இரண்டு போலி வெளியே வந்தன. அவர் வேண்டுமென்று ஏமாற்றவில்லை, யாரோ கொண்டுவந்து விற்றதை வாங்கி வைத்திருந்தார். கடைக்காரரிடம் பணிவாகக் கேட்டுத் திறந்து பாருங்கள், நீங்கள் கண்டதை அவரிடமும் சொல்லுங்கள். அடுத்த தடவை நல்ல சரக்கு வந்தால் உங்களுக்கு எடுத்து வைப்பார்.

போலி என்றால் என்ன, விளையாட முடிகிறதே என்று கேட்பார்கள். முடியும், சேவ், அதாவது ஆட்டத்தைச் சேமித்த பதிவு, நிற்கிற வரை. நாற்பது மணி நேரம் ஆடி, கடைசிக் கட்ட எதிராளிகளான எலைட் ஃபோரை ஜெயித்து முடிக்கும் இடத்தில் சேவ் பழுதாகிப் போவது இந்தப் போலிகளில் அடிக்கடி நடப்பது.

கேம்பாய் பக்கம் இன்னொரு எளிய பாடம் நிறம். சாம்பல் நிறம் பழைய கேம்பாய்க்கானது. கறுப்பு என்றால் பெரும்பாலும் பழையதிலும் ஓடும், 1998இல் வந்த கேம்பாய் கலரில் வண்ணத்திலும் ஓடும். உள்ளே தெரியும்படி இருந்தால் கலருக்கு மட்டும். மேல் மூலையைப் பாருங்கள். சாம்பல், கறுப்பு இரண்டிலும் ஒரு சின்ன வெட்டு இருக்கும். 1989இல் வந்த முதல் கேம்பாயில் பவர் சுவிட்சைத் தள்ளும்போது ஒரு பிளாஸ்டிக் நாக்கு அந்த வெட்டுக்குள் நுழைந்து கார்ட்ரிட்ஜைப் பூட்டும். கலருக்கு மட்டுமான கார்ட்ரிட்ஜில் அந்த வெட்டு கிடையாது, அதனால் பழைய மெஷினில் சுவிட்சைத் தள்ளவே முடியாது. ஒரு வரி மென்பொருள் இல்லாமல், வெறும் பிளாஸ்டிக்கை வைத்தே ‘இது உனக்கானது இல்லை’ என்று சொல்லியிருக்கிறார்கள். இதை முதலில் கண்டபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷம் இன்னும் குறையவில்லை.

சரி, அசலா போலியா என்று தெரிந்துவிட்டது. அசலில் எதை எடுப்பது?

நான் முதலில் தேடுவது வழக்கமான வடிவத்தில் இல்லாத கார்ட்ரிட்ஜ்களை. ஒன்று உயரமாகவோ புடைத்தோ இருந்தால் உள்ளே கூடுதலாக ஏதோ வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். கேம்பாய் கலருக்கு 2000இல் ஜப்பானில் வந்த கிர்பி டில்ட் அண்டு டம்பிள் கார்ட்ரிட்ஜில் சாய்வை அறியும் சென்சார் உண்டு, மெஷினையே சாய்த்துக் கிர்பியை உருட்ட வேண்டும். வாரியோவேர் ட்விஸ்டட் கார்ட்ரிட்ஜுக்குள் சுழற்சியை உணரும் சென்சார் இருக்கிறது. 2003இல் வந்த போக்டாயில் இருப்பது சூரிய ஒளி சென்சார். இரத்தக் காட்டேரிகளை வேட்டையாடும் கேம் அது. ஆயுதத்துக்கு வெயில் வேண்டும், அதற்காக ஆடுகிறவரும் நிஜமாகவே வெயிலுக்குப் போக வேண்டும். கம்ப்யூட்டரில் எமுலேட்டர் (கேம் மெஷினைப் போலவே நடிக்கும் மென்பொருள்) போட்டு ஆடினால் பட்டனை அழுத்தி வெயிலைக் கூட்டலாம், குறைக்கலாம். மொட்டைமாடியில் நின்று மேகம் விலகக் காத்திருக்கும் அனுபவம் அதில் வராது. கார்ட்ரிட்ஜாகவே வைத்திருக்க வேண்டிய கேம் எது என்று கேட்டால் இவற்றைத்தான் முதலில் சொல்வேன்.

சூப்பர் நிண்டெண்டோவில் இதே போன்ற ஓர் அடையாளம் பின்களில் இருக்கிறது. சாதாரண கேமின் போர்டில் நடுவில் மட்டும் பின் வரிசை. 1993இல் வந்த ஸ்டார் ஃபாக்ஸைக் கவிழ்த்துப் பாருங்கள், இரண்டு ஓரத்திலும் கூடுதல் பின்கள் தெரியும். உள்ளே சூப்பர் எஃப்எக்ஸ் என்ற தனிச் சிப் முப்பரிமாணக் கணக்குகளைப் போடுகிறது, கன்சோலோடு பேச அதற்கு அந்த ஓரப் பின்கள் தேவை. ஸ்டார் ஃபாக்ஸ் அரிய கேம் இல்லை, எங்கும் கிடைக்கும். இருந்தாலும் பெயர் தெரியாத கார்ட்ரிட்ஜில் ஓரப் பின்களைக் கண்டால் நான் கீழே வைக்க மாட்டேன்.

அடுத்தது வருடம். ஒரு கன்சோலின் கடைசிக் காலத்தில் வந்த கேம்களைக் கவனியுங்கள். எல்லோரும் புது மெஷினுக்கு மாறியிருப்பார்கள், கடைகள் குறைவாகவே வாங்கி வைத்திருக்கும். ஆனால் உருவாக்குகிறவர்களுக்கு அந்த மெஷின் உள்ளங்கை ரேகையாகியிருக்கும். கேம்பாய் அட்வான்ஸ் 2001இல் வந்துவிட்டது. ஷான்டே 2002இல் பழைய கேம்பாய் கலருக்கு வந்தது. அந்தச் சின்னத் திரையில் அதன் நாயகி தலைமுடியைச் சுழற்றி அடிக்கும் அசைவைப் பார்த்தால், இந்த மெஷினில் இது எப்படி முடிந்தது என்று தோன்றும். அன்றைக்கு வாங்கியவர்கள் குறைவு, இன்றைக்குத் தேடுகிறவர்கள் அதிகம். என்இஎஸ்ஸின் லிட்டில் சாம்சன் (1992), நிண்டெண்டோ 64இன் கான்கர்ஸ் பேட் ஃபர் டே (2001) இரண்டும் இதே வகை. இதற்கு நேர் எதிர், கன்சோலோடு சேர்த்துக் கொடுக்கப்பட்ட சூப்பர் மரியோ, டக் ஹன்ட் இரட்டைக் கார்ட்ரிட்ஜும் வருடா வருடம் வந்த விளையாட்டுப் போட்டி கேம்களும். மலையாகக் குவிந்திருக்கும். ஆட ஆசை இருந்தால் எடுங்கள், தங்கம் கிடைத்ததாக நினைத்து எடுக்க வேண்டாம்.

வாங்கும் முன் அது உங்கள் மெஷினில் நுழையுமா என்றும் பாருங்கள். என்இஎஸ்ஸின் ஜப்பானிய வடிவமான ஃபாமிகாமுக்கு 60 பின், என்இஎஸ்ஸுக்கு 72 பின். கேம்பாய்க்கு இப்படி நாட்டுக்கு நாடு பூட்டும் தொல்லை இல்லை, எந்த நாட்டு கேமும் எந்த நாட்டு மெஷினிலும் ஓடும். ஆனால் கதையை நம்பியிருக்கும் கேம் என்றால் ஜப்பானிய மொழி தெரியாமல் பத்து நிமிடம்கூட ஆட முடியாது.

பின்கள் கறுத்திருந்தால் பயப்பட வேண்டாம். 90 சதவீதத்துக்கு மேல் செறிவுள்ள ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் பட்ஸைத் தொட்டுத் துடைத்தால் பெரும்பாலும் உயிர் வந்துவிடும். வாயால் ஊதாதீர்கள். நாம் எல்லோரும் ஊதித்தான் வளர்ந்தோம், ஆனால் ஊதும்போது உள்ளே போவது எச்சில் ஈரம், அது பின்களை அரிக்கும். பச்சை படர்ந்து உலோகமே உதிர்ந்திருந்தால் மட்டும் விட்டுவிடுங்கள்.

இனி பேட்டரி. இதைப் பற்றி யாரும் போதுமான அளவு பேசுவதில்லை.

பல பழைய கார்ட்ரிட்ஜ்களில் சேவ் தங்கியிருப்பது, ஒரு சின்ன வட்ட பேட்டரி தொடர்ந்து மின்சாரம் கொடுப்பதால்தான். பேட்டரி செத்தால் சேவும் போச்சு. எல்லாமே அப்படி இல்லை. சூப்பர் மரியோ 64 சேவ் செய்யும் சிப்புக்கு பேட்டரி தேவையில்லை, ஆனால் 1998இன் ஆக்கரினா ஆஃப் டைமுக்குத் தேவை. போகிமான் எமரால்டில் பேட்டரி கடிகாரத்துக்கு மட்டும்தான், அது தீர்ந்துவிட்டது என்று கேமே சொல்லும், சேவ் அப்படியே இருக்கும். போகிமான் கோல்டு, சில்வர் நிலைமை மோசம். அவற்றில் நேரம் காட்டும் கடிகாரம் மெஷின் அணைந்திருந்தாலும் ஓடிக்கொண்டே பேட்டரியை உறிஞ்சும். அதனால்தான் அவற்றுக்கு முன்னால் வந்த ரெட் இன்னும் பழைய சேவோடு கிடைக்கிறது, பின்னால் வந்த கோல்டு பெரும்பாலும் செத்துக் கிடக்கிறது.

அப்படி ஒரு ரெட் எனக்குக் கிடைத்தது. லேபிளில் பாதி கிழிந்திருந்தது, சேகரிப்பவர்கள் தொட மாட்டார்கள். வீட்டுக்கு வந்து போட்டவுடன் தொடர்வதற்கான வரி வந்தது. அதை அழுத்தினால் ஒரு சின்னப் பெட்டி: ஆடியவரின் பெயர், பேட்ஜ் 8, பிடித்த போகிமான் எண்ணிக்கை 124, ஆடிய நேரம் 163 மணி. அந்தப் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. உள்ளே போய்ப் பார்த்தேன். ஐந்து போகிமான்கள் நல்ல பலத்தோடு இருந்தன. ஆறாவதாக ஒரு பிட்ஜி, லெவல் 7 மட்டும். அதற்கு ஒரு செல்லப் பெயர் வைத்திருந்தது அந்தக் குழந்தை. ஆட்டத்தின் கடைசி வரை ஒரு சண்டைக்கும் உதவாத பறவையைக் கூடவே சுமந்திருக்கிறது.

எனவே பழைய கார்ட்ரிட்ஜைப் போட்டவுடன் புது ஆட்டம் தொடங்கிச் சேவ் செய்துவிடாதீர்கள், பழையதன் மேல் எழுதிவிடும். முதலில் கார்ட்ரிட்ஜ் ரீடரில் செருகி, சேவை ஒரு ஃபைலாகக் கம்ப்யூட்டருக்கு எடுங்கள். அதற்குப் பிறகுதான் பேட்டரியைக் கழற்ற வேண்டும். புதியது கால் தகடுகள் வெல்டு செய்து வருவதாக இருக்கட்டும். வெறும் பேட்டரியில் நேரடியாகச் சால்டர் வைப்பது ஆபத்து, டேப் போட்டு ஒட்டினால் ஒரு தடவை கீழே விழுந்தாலே தொடர்பு விட்டுப்போகும். பழையதன் அளவைப் பார்த்து அதையே வாங்குங்கள், கோல்டு, சில்வருக்கு சிஆர்2025.

அந்த ரெட்டுக்கு நான் செய்தது அதைத்தான். ஃபைலை எடுத்து இரண்டு இடத்தில் வைத்தேன், பேட்டரியை மாற்றினேன், ஃபைலைத் திரும்ப ஏற்றினேன். மெஷினைப் போட்டால் 163 மணி நேரமும் இருந்தது, ஆறாவது இடத்தில் பிட்ஜியும் இருந்தது. நான் ஆடுவதற்கு வேறொரு ரெட் வாங்கிக்கொண்டேன்.