மணல்மேட்டை நிரவ வேண்டாம்

கேள்வி: திருகோணமலை நிலாவெளியில் கடலைப் பார்த்த எங்கள் வளவில் நான்கு அறைகளுடன் விருந்தினர் விடுதி கட்டவிருக்கிறோம். முன்புறத்து மணல்மேட்டை நிரவி, மதில் எழுப்பி, புல்தரை அமைத்தால்தான் கடலரிப்பு வராது என்றும், அனுமதியைத் தானே எடுத்துத் தருவதாகவும் தரகர் சொல்கிறார். ஆமைகள் ஏறி முட்டையிடும் கரை என்பதால் மகள் மறுக்கிறாள். யார் சொல்வது சரி?

பதில்: மகள் சொல்வதே சரி. ஆமைக்காக மட்டுமல்ல, உங்கள் கட்டடத்துக்காகவும் அதுவே சரி.

வாடைக்காற்று வீசும் மாரியில் அலை கரைமணலை இழுத்துச் சென்று சற்று ஆழத்தில் கிடத்துகிறது. கடல் அடங்கிய மாதங்களில் அதே மணலைத் திரும்பக் கொண்டுவருகிறது. காற்று அதை மேலேற்ற, அடம்பன் கொடியும் இராவணன் மீசைப் புல்லும் பிடித்து வைத்துக்கொள்கின்றன. இந்தக் கொடுக்கல் வாங்கலுக்கு மேடுதான் சேமிப்பு. அதை அழித்து மதில் கட்டினால், மோதித் திரும்பும் அலை மதிலின் அடிமணலையே தோண்டும். அயல் வளவின் கரையையும் சேர்த்து அரிக்கும். ‘அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு’ என்பதை ஒற்றுமைக்குச் சொல்வார்கள். கடற்கரையில் அது நேர்ப்பொருளிலேயே உண்மை.

உங்கள் கிணற்றுக்கும் மணலே காவல். மழைநீர் மணலுக்குள் இறங்கி, உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. புல்தரைக்காக மோட்டார் போட்டு இறைத்து, நன்னீர் மட்டம் ஓரடி தாழ்ந்தால், அடியிலுள்ள உப்புநீர் கணக்குப்படி ஏறத்தாழ 40 அடி மேலெழும். மலசலகூடக் குழியையும் அடி திறந்ததாக விடவேண்டாம். மணலில் கசியும் கழிவு முதலில் கிணற்றையும், பிறகு கடலையும் சேரும். எதிரே, 2003இல் தேசிய பூங்காவாக்கப்பட்ட புறாமலைத் தீவைச் சூழப் பவளப்பாறைகள் இருக்கின்றன. அடைத்த தொட்டி கட்டி, அதிலிருந்து வரும் நீரைக் கிணற்றுக்கும் கடலுக்கும் எட்டத்தில் வாழைப் பாத்திக்கு விடுங்கள்.

ஆமைக்குஞ்சுகள் பெரும்பாலும் இரவில் வெளிவந்து, வெளிச்சமான திசையே கடல் என்று நம்பி நகரும். ஆகையால் கடற்பக்கம் விளக்கே வேண்டாம். தவிர்க்க முடியாத இடத்தில் முழங்கால் உயரத்தில், மூடியிட்ட செம்மஞ்சள் விளக்கு போதும். அறை யன்னல்களுக்குத் தடித்த திரை போடுங்கள்.

நிழலுக்குப் புதிதாகச் சவுக்கு நடவேண்டாம், தாழையும் பூவரசும் நடுங்கள் என்பதே என் வழக்கமான அறிவுரை. ஆனால் வளவில் ஏற்கனவே சவுக்கு வளர்ந்து நின்றால், இதைப் படித்துவிட்டு ஒரே நாளில் தறித்துவிட வேண்டாம். அதன் சருகு அடம்பனை வளரவிடாது என்பது உண்மை; ஆயினும் அடம்பன் இல்லாத அந்த மேட்டை இப்போது தாங்கி நிற்பது அதன் வேரே. கடலை அண்டிய வரிசையிலிருந்து ஆண்டுக்குச் சில மரங்களாகக் குறைத்து, வேரை மண்ணிலேயே விட்டு, மாரி தொடங்கும்போது அந்த இடத்தில் அடம்பன் தண்டுகளைப் புதைத்து, அவை பற்றிய பின்னரே அடுத்த மரத்தில் கைவைக்க வேண்டும். கொடி பற்றாத ஆண்டில் ஒரு மரத்தையும் தறிக்கக் கூடாது.

இனித் தரகர். நிரவிய மணலைத் தானே உழவு இயந்திரத்தில் ஏற்றிச் செல்வதாக அவர் சொன்னாரா என்று நினைத்துப் பாருங்கள். சொல்லியிருந்தால் அவருடைய அக்கறை கடலரிப்பில் இல்லை, மணலின் விலையில் இருக்கிறது. பிரதேச சபை அனுமதி மட்டும் போதும் என்பதும், அயல் வளவின் பழைய அனுமதிப்பத்திரத்தைக் காட்டுவதும் நான் திரும்பத் திரும்பக் காணும் தந்திரங்கள். 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டப்படி, சராசரி உயர்நீர்க் கோட்டிலிருந்து நிலப்பக்கம் 300 மீற்றர் வரை கரையோர வலயம். அதற்குள் கட்டுவதற்குக் கரையோரம் பேணல் மற்றும் கரையோர மூலவள முகாமைத்துவத் திணைக்களத்தின் அனுமதிப்பத்திரம் தனியாக வேண்டும். வெற்றுத் தாளில் கையொப்பம் வைக்காமல் நீங்களே நேரில் விண்ணப்பியுங்கள். ஆமைக்கு ஓர் அலுவலகம், மணலுக்கு வேறொன்று, காணிக்கு இன்னொன்று என்று கரையைத் துண்டு துண்டாகப் பார்க்கும் இந்த ஏற்பாட்டில் முழுக் கரையையும் பார்ப்பதற்கு ஒருவரும் இல்லை. தரகர்களை வாழவைப்பது இந்த இடைவெளிதான். பல ஆண்டுகளாகச் சொல்லியும் அது அடைபடவில்லை.

மேட்டின் நிலப்பக்க அடிவாரத்துக்கு இப்போதே முளையடித்துக் கயிறு கட்டி, தேதியுடன் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கட்டடத்தைக் கயிற்றிலிருந்து இயன்றவரை தெருப்பக்கமாகத் தள்ளி வரையச் சொல்லுங்கள். கயிற்றைத் தாண்டி இயந்திரம் வரக்கூடாது என்பதை மேசனுடன் செய்யும் ஒப்பந்தத்தின் முதல் வரியாக எழுதுங்கள்.