புரொய்லர் பேடும் டெலோமியர் போத்தலும்

கேள்வி: ஐயா, முள்ளியவளையில் வளவுக்குள் கோழி வளர்க்கிறேன். இறைச்சிக்கு விற்றது போக எட்டுப் புரொய்லர் பேடுகளை முட்டைக்கென்று மறித்து வைத்தேன். ஊர்ச்சேவலோடு விட்டால் பெரிய குஞ்சு கிடைக்கும் என்ற ஆசை. நாலாம் மாதம் முடியமுன் ஐந்து செத்துவிட்டன. கொண்டை நீலம் பாரித்து, வயிறு தண்ணீர் கோத்ததுபோல் வீங்கியது. வேகமாக வளரும் உயிருக்கு டெலோமியர் சீக்கிரம் தேய்ந்து ஆயுள் குறையும் என்கிறான் மகன். அதை நீட்டுகிற டொனிக் என்று கடைக்காரர் ஒரு போத்தலைக் காட்டுகிறார். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள், தங்கச்சி. அந்தக் காசுக்குத் தவிடு வாங்குங்கள்.

மகன் சொன்னது முழுப் பிழையல்ல. பாயின் ஓரத்தை மடித்துப் பின்னுகிறோமே, பிரிந்து போகாமல் இருக்க, அதுபோல, உடற்கலத்துக்குள் பரம்பரை இயல்பைச் சுமக்கும் இழையான நிறமூர்த்தத்தின் நுனியில் இருப்பது டெலோமியர். கலம் பிரியப் பிரிய அது கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். ஆனால் நீளத்தை வைத்து ஆயுளைக் கணக்குப் பார்க்க முடியாது. ஆய்வுகூட எலிக்கு அது மனிதனுடையதைவிடப் பல மடங்கு நீளம். எலி வாழ்வதோ இரண்டு மூன்று வருடம். இன்னொன்று, டெலோமியரை நீட்டும் நொதியம் பெரும்பாலான புற்றுநோய்க் கலங்களிலும் விழித்திருக்கிறது. அந்தப் போத்தல் சொன்னபடி வேலை செய்தால்தான் நான் பயப்படுவேன். நல்லவேளை, செய்யாது.

உங்கள் ஐந்து பேடுகளையும் கொன்றது டெலோமியர் இல்லை. நீங்கள் எழுதிய அடையாளத்துக்கு அது இதயமும் நுரையீரலும். கனடாவின் அல்பேர்ட்டா பல்கலைக்கழகத்தில் 1957ஆம் ஆண்டு இறைச்சிக்கோழி இனத்தையும் 2005ஆம் ஆண்டு இனத்தையும் ஒரே தீனில் வளர்த்துப் பார்த்தார்கள். 56 நாளில் பழையது 905 கிராம், புதியது 4,202 கிராம். அந்தச் சதைக்கு வேண்டிய ஒட்சிசனைக் கொடுக்க நுரையீரலால் ஏலாது. இதயத்தின் வலப்பக்கம் தள்ளித் தள்ளிக் களைத்துவிடும், இரத்தம் பின்னால் தேங்கும், ஈரலிலிருந்து நீர் வயிற்றுக்குள் கசியும். அதோடு நம்முடைய சித்திரை வெயில் வேறு. அடுத்தது செத்தால் புதைக்கமுன் மிருக வைத்தியரிடம் கொண்டுபோய் அறுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். நான் கடிதத்தைத்தான் பார்த்தேன், கோழியைப் பார்க்கவில்லை.

சரி, நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்விக்கு வருகிறேன். ஊர்க்கோழிக் குஞ்சை எந்த வேகத்தில் வளர்ப்பது? கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் ஸ்டிக்கிள்பேக் என்ற சிறு மீனின் வளர்ச்சியை, இளமையில் சில வாரம் தண்ணீரின் சூட்டை மாற்றி, முடுக்கியும் தாழ்த்தியும் பார்த்தார்கள். மெதுவாக வளர்ந்தது சுமார் 30 வீதம் கூடுதலாக வாழ்ந்தது. முடுக்கியதற்கு ஆயுளில் சுமார் 15 வீதம் போனது. போத்தல் ஒன்றும் கொடுக்கவில்லை.

மீனை விடுங்கள், பரந்தன் பக்கம் ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். தீன் விற்கிறவரின் பேச்சைக் கேட்டு ஊர்க்குஞ்சுகளுக்குப் புரொய்லர் தீன் போட்டார்கள், விடிய விடிய பல்ப்பும் எரிந்தது. பேடுகள் பருவத்துக்கு முந்தி முட்டையிட்டன. புறாமுட்டையளவு முட்டை! சிலதுக்குப் பின்பக்கம் வெளித்தள்ளி, மற்றக் கோழிகள் அதைக் கொத்தியே கொன்றன. தீன் விற்றவர் அதற்கும் ஒரு மருந்து விற்றார்.

நான் முப்பது வருடமாகச் சொல்வது ஒன்றுதான்: இரவில் கோழிக்கு இருட்டு வேண்டும். பல்ப் குஞ்சுக்குச் சூடு கொடுக்கத்தான், இறகு முளைத்ததும் அணைத்துவிடுங்கள். தாய்க்கோழி செட்டைக்குள் வைத்திருப்பதும் இருட்டில்தானே? புரொய்லருக்குக்கூட இரவில் சில மணிநேர இருட்டு இருந்தால் திடீர்ச் சாவும் கால் ஊனமும் குறைகின்றன. தீன், முதல் ஆறு கிழமை முட்டைக்கோழிக் குஞ்சுத்தீன்; பிறகு தவிடு, குறுணல், மேய்ச்சல். முட்டையிடும் கோழியின் தீனைக் குஞ்சுக்குப் போடாதீர்கள், அதிலுள்ள கல்சியம் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

கலப்புக் குஞ்சு ஆசையையும் விட்டுவிடுங்கள். கடைப் புரொய்லரே பல கோழி வம்சங்களைக் கலந்தது. அதன் குஞ்சு ஒன்றுபோல் ஒன்று இராது. புரொய்லர்த் தாய்ப்பண்ணைகளில் பேட்டுக்குத் தீனை அளந்துதான் வைக்கிறார்கள், வயிறு நிறையக் கொடுத்தால் அதுவும் நிலைக்காது என்பதால். வீட்டில் அப்படிப் பட்டினி போட உங்களுக்கு மனம் வராது. மிச்சம் மூன்றையும் நன்றாக நடமாடும்போதே கறிக்கு எடுங்கள். கொண்டை நீலித்ததையோ வயிறு வீங்கியதையோ சட்டிக்குக் கொண்டுபோகாதீர்கள்.