விடியற்காலை ஆர்டர் எங்கே போகிறது?

கேள்வி: பால் விற்பனை நிலையம் ஒன்றுக்காக ஜாங்கோவில் (பைத்தான் மொழியில் இணையச் செயலி எழுத உதவும் கட்டமைப்பு) இணையச் செயலி எழுதியிருக்கிறேன். விடியற்காலை 4 மணிக்கு 'இன்றைய ஆர்டர்கள்' பக்கத்தைத் திறந்தால் நேற்றைய ஆர்டர்களே தெரிகின்றன. நான் காலை 10 மணிக்குப் பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கிறது. நடப்பு நேரத்துடன் ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டும் ஃபங்ஷன் ஒன்றை எல்லா இடத்திலும் போட்டேன். காலைச் சிக்கல் தீர்ந்தது, ஆனால் மாலை 6.30க்குப் பின் வரும் ஆர்டர்கள் காணாமல் போகின்றன.

பதில்: கூட்டல் இதற்குத் தீர்வு அல்ல. யூஸ்_டிஇசட் என்ற நேர மண்டல அமைப்பு இயங்கும்போது (ஜாங்கோ 5.0 முதல் அதுவே இயல்புநிலை) நடப்பு நேரத்தைக் கேட்கும் டைம்சோன்.நவ்() தருவது யூடிசி, அதாவது நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்தங்கிய உலகப் பொது நேரம். இங்கே 11ஆம் தேதி காலை 4 மணி என்றால் அங்கே 10ஆம் தேதி இரவு 10.30, அதன்மேல் தேதியை மட்டும் எடுக்கும் .டேட்() போட்டால் 10ஆம் தேதிதான் கிடைக்கும். ஆனால் கிரியேட்டட்__டேட் என்று ஆர்டர் உருவான தேதியை வைத்து ஃபில்டர் செய்யும்போது, சேமித்த நேரத்தை ஆசியா/கொல்கத்தாவுக்கு, அதாவது இந்திய நேரத்துக்கு, மாற்றிய பிறகே ஜாங்கோ தேதியை எடுக்கிறது. இந்த இரண்டு தேதிகளும் நள்ளிரவிலிருந்து காலை 5.30 வரை மட்டுமே வேறுபடும் என்பதால், 10 மணிக்குப் பார்க்கும் உங்கள் கண்ணில் பிழை படவே இல்லை. நீங்கள் கூட்டிய பிறகோ, மாலை 6.30 ஆர்டர் யூடிசி 18.30 என்று பதிவாகி, ஜாங்கோ தன் பங்குக்கு ஐந்தரை மணியைச் சேர்க்கையில் மறுநாளுக்குத் தாவிவிடுகிறது.

திருத்துவதற்கு முன் சோதனையை எழுதுங்கள், இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். ஃப்ரீஸ்கன் நூலகத்தால் கடிகாரத்தை யூடிசி 22.30இல் நிறுத்தி, ஓர் ஆர்டரை உருவாக்கி, உலாவியைப் போல் நடிக்கும் ஜாங்கோவின் டெஸ்ட் கிளையன்ட் வழியே பக்கத்தைத் திறந்து, அந்த ஆர்டர் இருக்கிறதா, முந்தைய மாலையின் ஆர்டர் இல்லாமல் இருக்கிறதா என்று பாருங்கள். யூடிசி 13.30க்கும், அதாவது நம் மாலை 7 மணிக்கும், அதையே செய்யுங்கள். இப்போதைய கோடில் மாலைச் சோதனை தோற்க வேண்டும். கூட்டலை நீக்கியதும் அது தேறி, காலைச் சோதனை தோற்க வேண்டும். தோற்றுக் காட்டாத சோதனையை நான் நம்புவதில்லை. அதன்பின் இன்றைய தேதியை எடுக்கும் இடத்தில், உள்ளூர்த் தேதியைத் தரும் டைம்சோன்.லோக்கல்டேட்() என்று மாற்றினால் இரண்டும் தேறும்.

கூட்டல் இருந்த நாட்களில் தரவுத்தளத்தில் சேமித்த வரிசைகளில் நேரம் ஐந்தரை மணி முன்னோக்கி நகர்ந்திருக்கும். பேக்கப் எடுத்துக்கொண்டு, அந்த வரிசைகளில் மட்டும் அதைக் கழியுங்கள். எவை அவை என்பதை நேரத்தை வைத்து அல்ல, ஐடி எண்ணை வைத்துப் பிரித்தெடுங்கள். நகர்ந்த நேரம் எல்லையிலேயே உங்களை ஏமாற்றிவிடும்.