கதை எழுத உட்கார்ந்தால் ஒன்றுமே வரவில்லை. பயணம் போனால் கற்பனை ஊறும் என்கிறார்களே, உண்மையா?

நீங்களும் லீவு போட்டு, புது நோட்டு வாங்கி, மலைப்பக்கம் கிளம்பப் போகிறீர்கள் என்று நினைக்கிறேன். கொஞ்சம் பொறுங்கள். நான் அப்படித்தான் கொடைக்கானலில் நான்கு நாள் தங்கினேன். நோட்டில் எழுதியது செலவுக் கணக்கு மட்டும்தான்.

எனக்குக் கதை கிடைத்தது பஸ் பழுதானதால். பொங்கல் கழிந்த வாரம், தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூருக்கு ஒரு சடங்கு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். முள்ளக்காடு பக்கம் வண்டி நின்றுவிட்டது. மாற்று வண்டி வர ஒன்றரை மணி நேரம். போனில் சார்ஜ் இல்லை. இருந்திருந்தால் இந்தப் பதிலே கிடையாது.

சாலையோரம் உப்பளம். சின்ன வயதிலிருந்து அந்த ரோட்டில் போய் வருகிறவன், உப்பளம் என்றால் வெள்ளைக் குவியல் என்றுதான் நினைத்திருந்தேன். அன்று உப்பே இல்லை, சேறுதான். ஆறேழு பேர் வரிசையாகப் பாத்தியைக் காலால் மிதித்தபடி மெல்ல நகர்ந்தார்கள். அரை மணி நேரம் எனக்கு அதில் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம்தான் கவனித்தேன்: ஒரு தடத்தை ஒட்டியே அடுத்த தடம் விழுகிறது, நடுவில் விரல்கடை இடம் விடுவதில்லை. ஓர் ஆச்சி மட்டும் இடது காலைக் கொஞ்சம் திருப்பி வைத்தார். அவர் மிதித்த வரிசையைத் தூரத்திலிருந்தே அடையாளம் சொல்லிவிடலாம்.

தண்ணீர் குடிக்க வரப்புக்கு வந்தவரிடம், எதுக்கு ஆச்சி இந்த மிதி மிதிக்கிறீங்க என்று கேட்டேன்.

"மிதிக்காத பாத்தி தண்ணியக் குடிச்சிரும் எய்யா."

மண் இறுகினால்தான் உப்புநீர் கீழே இறங்காமல் வெயிலில் வற்றுமாம். மே மாதம் இதற்கென்றே திரும்பப் போனேன். தண்ணீர் 24, 25 டிகிரி ஏறினால்தான் உப்பு விளையும் என்றார்கள். அந்த டிகிரி சூடு இல்லை, நீரின் அடர்த்தி என்பதே அன்றுதான் தெரியும்.

'வெயிலில் வேகிறவர்களை வேடிக்கை பார்த்துக் கதை பண்ணினாயா' என்று கீழே யாராவது எழுதுவீர்கள். அந்த உறுத்தல் எனக்கும் உண்டு. ஆச்சி சொன்ன வீட்டு விஷயம் எதையும் நான் தொடவில்லை. அந்த இடது காலை மட்டும் எடுத்துக்கொண்டேன். அதுவும் எடுத்ததுதான், இல்லை என்று சொல்லவில்லை.

கதைக்கு 'மிதி' என்று தலைப்பு வைத்து ஒரு பத்திரிகைக்கு அனுப்பினேன். பதினோரு மாதம் பதில் இல்லை. ஒருநாள் சித்தப்பா பையன் போன் பண்ணி, "அண்ணே, உங்க கதை வந்திருக்கு" என்றான். வாங்கிப் பார்த்தால் தலைப்பு 'உப்புக் கண்ணீர்'. கதையில் யாருமே அழவில்லை! படத்தில் ஆச்சி இளம்பெண்ணாகி, தலையில் கூடையோடு நிற்கிறாள். ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? சன்மானம் இன்னும் வரவில்லை, அது தனிக் கதை.

சரி, நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். எந்த ஊருக்குப் போனாலும் ஒரே இடத்தில் ஒன்றரை மணி நேரம் உட்காருங்கள். முதல் அரை மணி போரடிக்கும், எழுந்துவிடாதீர்கள். தொப்பி கொண்டுபோங்கள். நான் கொண்டுபோகாமல், அந்தச் சடங்கு வீட்டு போட்டோவில் நான் மட்டும் சுட்ட கத்தரிக்காய் மாதிரி நிற்கிறேன்.